முதல் சிம்னி, முதல் ராப்பல்: கருங்கல் பாறைக்குப் போகும் முன்

வெண்பாறை எழுதியது:

வணக்கம். ராமநகரம் பக்கத்துக் கருங்கல்லில் ஒரு சிம்னி, அதாவது ஆள் நுழையும் அகலமுள்ள பாறைப் பிளவு. உயரம் சுமார் 15 மீட்டர். அடியில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். பாதியில் தோள் உரசும் அளவுக்குச் சுருங்கி, மேலே மறுபடி விரிகிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கல் இரண்டு சுவருக்கும் நடுவே சிக்கி நிற்கிறது. மேலே பாறையில் பதித்த இரண்டு போல்ட். பயிற்றுநர் டாப்‑ரோப் (மேலிருந்து வரும் பாதுகாப்புக் கயிறு) போட்டுத் தருவார். ஏறி முடித்ததும் பக்கத்துச் சுவர் வழியாக ராப்பல், அதாவது கயிற்றில் இறங்குதல். செயற்கைச் சுவர் பழக்கம் உண்டு, சிம்னியும் ராப்பலும் புதிது.

கேள்விகள் மூன்று. உள்ளே உடம்பை எப்படி வைத்து நகர்த்துவது? முகம் எந்தப் பக்கம்? ராப்பலில் புதியவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

இடுக்கி எழுதியது:

சிம்னியில் உத்தியைத் தேர்ந்தெடுப்பது இடைவெளி. 30 செ.மீ.க்குள் என்றால் பக்கவாட்டில் நுழைந்து புழு மாதிரி நெளிய வேண்டும். 30 முதல் 50 வரை முழங்கால் முன்சுவரில், பாதமும் முதுகும் பின்சுவரில். 50 முதல் 90 வரை முதுகு ஒரு சுவர், பாதம் எதிர்ச்சுவர். அதைத் தாண்டினால் சுவருக்கு ஒரு கால் என்று அகட்டி நின்று ஏறுவது. கால் நீளத்தைப் பொறுத்து இந்த எண்கள் பத்து செ.மீ. முன்பின் ஆகும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதில் மூன்றாவது வருகிற மாதிரியும், நடுவில் இரண்டாவது, உச்சியில் நாலாவது என்றும் தெரிகிறது.

முதுகு‑பாதம் முறையைத் தரையிலேயே இரண்டு அடி உயரத்தில் பழகிவிடுங்கள். முதுகு முழுதும் பின்சுவரில். இடது பாதம் எதிர்ச்சுவரில், இடுப்பு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. வலது காலை மடக்கி, பாதத்தைப் பிட்டத்துக்கு அடியில் பின்சுவரிலேயே பதியுங்கள். இரண்டு உள்ளங்கையும் இடுப்பருகே பின்சுவரில், விரல்கள் கீழ்நோக்கி. இப்போது இரண்டு காலாலும் சேர்த்து உந்தி, கையால் கீழே தள்ளி, முதுகைச் சுவரிலிருந்து ஒரு விரற்கடை விலக்கி, இடுப்பை மேலே தூக்குங்கள். 15, 20 செ.மீ. ஏறியதும் முதுகைச் சாய்த்து அழுத்துங்கள். பிறகு காலை மாற்றுங்கள்: எதிர்ச்சுவரில் இருந்தது பிட்டத்துக்கு அடியில், அடியில் இருந்தது எதிர்ச்சுவரில். 15 மீட்டருக்கு எழுபத்தைந்து முதல் நூறு தடவை இதே வேலை. அலுப்பாக இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதுகை விலக்காமல் தேய்த்துக்கொண்டே ஏறுவதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. சட்டையும் தோலும் கருங்கல் படிகத்தில் உரிந்துபோகும், பாதிச் சக்தி உராய்விலேயே செலவாகும். அடுத்தது பாதத்தை மிக உயரமாக வைப்பது. முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டால் உந்த வழியில்லாமல் பிட்டம் கீழே அமுங்கும். ரொம்பத் தாழ்வாக வைத்தால் பாதம் வழுக்கும்.

கருங்கல் எழுதியது:

இடுக்கி சொன்ன உந்துதலுக்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. 70 கிலோ ஆள், இரண்டு சுவரிலும் ஒரே அழுத்தம், உராய்வுக் கெழு 0.7 என்று வைத்துக்கொள்வோம். 70 ÷ (2 × 0.7) = 50. அதாவது 50 கிலோ எடைக்குச் சமமான விசையில் சுவர்களை விலக்கித் தள்ளினால் உடம்பு நிற்கும். இதைத் தொடைத் தசை நிமிடக்கணக்கில் தாங்கும், கை தாங்காது. உராய்வு 0.4க்கு இறங்கினால் அதே ஆளுக்கு 87.5 கிலோ வேண்டும். ஈரம், பாசி, வௌவால் எச்சம், வழுக்கும் துணி எல்லாம் இந்த எண்ணைத்தான் ஏற்றுகின்றன.

ஆகவே உடையைப் பற்றி யோசியுங்கள். பளபளக்கும் பாலியஸ்டர் ஜெர்சி கருங்கல்லில் சறுக்கும். தடித்த பருத்திச் சட்டை, முழுக்கை, முழுநீளக் கால்சட்டை நல்லது. முழங்காலுக்குக் கைப்பந்து ஆட்டக்காரர்கள் போடும் உறை போதும். கணுக்கால் எலும்பு தெரியும் ஷூ போடுகிறீர்கள் என்றால் அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள், சுருங்கும் பகுதியில் முதலில் உரிவது அதுதான்.

மழைக்குப் பிறகு வெளிச்சுவர் காய்ந்துவிட்டது என்று நம்பிப் போகாதீர்கள். வெயிலும் காற்றும் நுழையாத இடுக்கு அதற்கப்புறமும் ஓரிரு நாள் கசியும்.

ஓசூர்ப் பல்லி எழுதியது:

ஹார்னஸ்ல (இடுப்புல மாட்டற பட்டை) பக்கவாட்டுல எதையும் தொங்க விடாதீங்க. காரபினர் (கொக்கி வளையம்), சாக் பை (கைக்குப் பூசற வெள்ளைப் பொடிப் பை), தண்ணி பாட்டில் எல்லாம் சுருங்கற இடத்துல ஆப்பு மாதிரி சிக்கும். ராப்பல் சாமான் கூடவே வரணும்னா ஒரு சின்னப் பையில போட்டு, ஒரு மீட்டர் ஸ்லிங்கில (நாடா வளையம்), ஹார்னஸோட முன்பக்க வளையமான பிலே லூப்புக்குக் கீழ தொங்க விடுங்க. முதுகுல பை மாட்டிட்டு சிம்னி ஏற முடியாது, முதுகுதானே அங்க பிரேக்!

என் கருத்து: புது ஆள் நல்லா உள்ள தள்ளிப் போய் ஏறட்டும். ரெண்டு பக்கமும் சுவர் நெருக்கமா இருந்தா விழுற பயமே இருக்காது.

இடுக்கி எழுதியது:

பல்லி, இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே போகப் போக இடைவெளி குறையும். பயத்தில் உள்ளே ஒதுங்கியவர்தான் மார்பு மாட்டிக்கொண்டு, தலையைத் திருப்ப முடியாமல், கையை இறக்க முடியாமல் நிற்கிறார். விழமாட்டார், சரி. ஏறவும் மாட்டார், இறங்கவும் மாட்டார். வாய்ப்பகுதியில் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் கால் நீட்ட இடம் இருக்கும், சுவரில் மேடு பள்ளம் கிடைக்கும், வெளிச்சமும் இருக்கும். டாப்‑ரோப்பில் இருக்கிறீர்கள், விழுந்தால் கயிறு பிடிக்கும். வெளியே வாருங்கள்.

சுருங்கிய இடத்தைக் கடக்கும்போது மூச்சுதான் கருவி. மூச்சை இழுத்தால் மார்பு விரிந்து உடம்பு பூட்டிக்கொள்ளும், அதுதான் ஓய்வு. விட்டால் உடம்பு மெலியும், அந்த நொடியில்தான் நகர வேண்டும். ஒரு மூச்சுக்கு ஐந்து செ.மீ. நகர்ந்தாலும் போதும். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்குபவர் தன்னைத் தானே ஆணியடித்துக்கொள்கிறார். ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டி, மற்றதை இடுப்போடு வைத்துக்கொண்டு நுழையுங்கள். இரண்டு கையும் கீழே இருந்தால் மேலே கொண்டுபோக வழி கிடைக்காது. ஹெல்மெட் போட்ட தலை திரும்புமா என்று நுழையும் முன்பே பாருங்கள், திரும்பாது என்றால் எந்தப் பக்கம் பார்த்தபடி போவது என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள்.

முகம் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கும் அதுவே பதில். தரையிலிருந்து மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எந்தச் சுவர் வழவழப்பு? முதுகு அங்கே. எந்தச் சுவரில் விளிம்புகள் உண்டு? பாதம் அங்கே. உச்சியில் எந்தப் பக்கம் வெளியேறுவது? கடைசி மூன்று மீட்டருக்கு முகம் அந்தப் பக்கம் இருந்தாக வேண்டும். நடுவழியில் திரும்புவதாயிருந்தால் அகலமான இடத்தில், இரண்டு காலும் அகட்டி நிற்கும்போது திரும்புங்கள்.

ஓசூர்ப் பல்லி எழுதியது:

சரிக்கா, வாபஸ். ஆனா அந்தச் சிக்கின கல்லுக்கிட்ட வந்ததும் எல்லாரும் அதைக் கட்டிப்பிடிச்சுக்கறாங்களே, அதைப் பத்தி எழுதுங்க.

இடுக்கி எழுதியது:

கல்லின் அடியில் போய் மாட்டிக்கொள்வதற்குக் காரணமும் அதே உள்ளொதுங்கல்தான். அதற்கு இரண்டு மீட்டர் கீழேயே வாய்ப்பகுதிக்கு வந்துவிடுங்கள். அங்கே சிம்னி விரிகிறது என்கிறீர்கள், அதனால் முதுகு‑பாதத்திலிருந்து கால் அகட்டும் முறைக்கு மாறியாக வேண்டும். கால் முழுக்க நீண்டுபோகும் வரை தாமதிக்காதீர்கள். முழங்காலில் இன்னும் மடிப்பு இருக்கும்போதே பிட்டத்துக்கு அடியில் உள்ள பாதத்தால் பின்சுவரில் நின்று, முதுகை எடுத்து, எதிர்ச்சுவரில் கை ஊன்றுங்கள். கால் நேராக நீண்டுவிட்டால் உந்த மிச்சம் எதுவும் இருக்காது. அப்போதுதான் கால் தந்தியடிக்க ஆரம்பிக்கும்.

கல்லைத் தொடும் முன் உள்ளங்கை மேட்டால் தட்டுங்கள். ‘டொப்’ என்று குடைந்த ஒலி வந்தாலோ, கையில் அதிர்வு தெரிந்தாலோ அதில் எடையைப் போடாதீர்கள். உறுதியாகத் தோன்றினாலும் கீழ்நோக்கி மட்டும் அழுத்துங்கள். வெளிப்பக்கம் இழுத்தால், ஆப்பு எந்தத் திசையில் இறங்கி இறுகியதோ அதற்கு எதிரே இழுக்கிறீர்கள்.

கீழ்க்கயிறு எழுதியது:

யாரும் பிலே பிடிப்பவரைப் பற்றி, அதாவது கீழே நின்று பாதுகாப்புக் கயிற்றைப் பிடிப்பவரைப் பற்றிப் பேசவில்லையே. 15 மீட்டர் டாப்‑ரோப் என்றால் ஏறுபவர் தரையில் இருக்கும்போது மேலே 15, கீழே 15, ஆக 30 மீட்டர் கயிறு வேலையில் இருக்கிறது. ஈஎன் 892 என்ற ஐரோப்பியத் தரப்படி டைனமிக் (நீளும்) ஒற்றைக்கயிறு 80 கிலோ தொங்கும்போது 10 சதவீதம் வரை நீளலாம். 8 என்று எடுத்தாலும் 2.4 மீட்டர். மேல் காரபினரில் உராய்வு கொஞ்சம் குறைக்கும். எப்படியும் முதல் இரண்டு மீட்டரில் நழுவினால் கயிறு பிடித்த பிறகும் கால் தரையைத் தொடும். அதனால் தொடக்கத்தில் கயிற்றை விறைப்பாகவே வையுங்கள், ஒருவர் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்து நிற்கட்டும். மேலே போகப் போக ஒரு கை அளவு தளர்வு போதும். சிம்னிக்குள் கயிறு ரொம்ப விறைத்தால் ஏறுபவரை உள்ளே இழுத்து முகத்தைச் சுவரில் தேய்க்கும்.

பிலே பிடிப்பவர் சிம்னியின் வாய்க்கு நேரே நிற்கவே கூடாது. மேலே உருளும் எந்தக் கல்லும் அந்தப் புனல் வழியாகத்தான் வரும். இரண்டு மூன்று மீட்டர் பக்கவாட்டில் நின்று, எடை வித்தியாசம் அதிகம் என்றால் பின்னால் ஒரு பிடிமானம் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது உயிர் போகும் விஷயம். உச்சிக்குப் போனதும் ஏறுபவரைக் கயிற்றில் இறக்கப் போகிறீர்களா, இல்லை அவர் தன்னை ஆங்கரில் (மேலே உள்ள போல்ட் பிடிமானம்) பூட்டிக்கொண்டு ராப்பல் இறங்கப் போகிறாரா என்பதைத் தரையிலேயே பேசி முடியுங்கள். மேலிருப்பவர் “சேஃப்!” என்று கத்துகிறார். கீழே இருப்பவர் பிலேயைக் கழற்றுகிறார். மேலிருப்பவரோ இறக்கப் போகிறார்கள் என்று நினைத்து ஆங்கரிலிருந்து விடுபட்டுப் பின்னால் சாய்கிறார். அனுபவசாலிகளே இப்படி விழுந்திருக்கிறார்கள். பேச்சில் மாற்றம் வந்தால் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

எட்டு முடிச்சு எழுதியது:

மூணாவது கேள்விக்கு வர்றேன். ராப்பல்ல நடுச்சுவர்ல விபத்து கம்மி. ஆங்கர்ல நின்னுட்டு ஒரு கயித்துலேருந்து இன்னொரு கயித்துக்கு எடையை மாத்தற அந்த ரெண்டு நிமிஷமும், கயிறு முடியற கடைசி ரெண்டு மீட்டரும்தான் பிரச்சினை. அதனால வரிசை மாறக் கூடாது.

உச்சிக்கு வந்ததும் உங்க லேன்யார்டை (உங்களை ஆங்கரோட இணைக்கற நாடா) லாக்கிங் காரபினரால ஆங்கரோட மாஸ்டர் பாயின்ட்ல (ரெண்டு போல்ட்டும் சேர்ற இடம்) பூட்டணும். திருகு இறுகிச்சான்னு விரலால அமுக்கிப் பாருங்க. லேன்யார்டு எப்பவும் விறைப்பா இருக்கணும். டைனீமாங்கற செயற்கை இழை ஸ்லிங் கிட்டத்தட்ட நீளவே நீளாது, தளர விட்டு அரை மீட்டர் விழுந்தாலும் உலுக்கு பலமா இருக்கும்.

120 செ.மீ. நைலான் ஸ்லிங்கை ஹார்னஸோட ரெண்டு டை‑இன் பாயின்ட் (கயிறு கட்டற இடம்) வழியாக் கோத்து, பாதியில ஒரு முடிச்சு போடுங்க. முடிச்சுக்கு இந்தப் பக்கம் உள்ள வளையத்துல கயித்தை வளைச்சு வேகத்தைக் குறைக்கற, ஏடிசி மாதிரி குழாய் டிவைஸ். மிச்ச நீளம்தான் லேன்யார்டு. ஒரே ஸ்லிங்குல ரெண்டு வேலை. டிவைஸ் இப்போ வயித்துலேருந்து ஒரு முழம் தள்ளி, கண்ணுக்கு நேரா இருக்கும். கீழ பிலே லூப்புல தனிக் காரபினர் போட்டு, 6 மி.மீ. கார்டால (மெல்லிய கயிறு) கயித்தைச் சுத்தி ஆட்டோபிளாக், அதாவது கையை விட்டா கயித்தைக் கவ்வற சுத்து முடிச்சு. கார்டு 1.5 மீட்டர் துண்டு போதும், டபுள் ஃபிஷர்மேன் முடிச்சு, ரெண்டு வாலும் 6 செ.மீ.க்குக் குறையாம.

அப்புறம்தான் சோதனை. லேன்யார்டு இன்னும் ஆங்கர்லயே இருக்கட்டும். கயித்துல முழு எடையையும் போட்டு உட்காருங்க, லேன்யார்டு தொளதொளன்னு ஆகணும். பிரேக் கையை (டிவைஸுக்குக் கீழ கயித்தைப் பிடிக்கற கை) மெதுவா விடுங்க. ஆட்டோபிளாக் கவ்வுதா? கவ்வினா மட்டும் லேன்யார்டைக் கழட்டுங்க. டிவைஸுக்குள்ள கயிறு போயிருக்கு, ஆனா காரபினர் அந்த வளைவைப் பிடிக்கலைங்கற தப்பும், ரெண்டு இழையில ஒண்ணை மட்டும் மாட்டின தப்பும் இங்கேயே வெளிய வந்துடும்.

கருங்கல் எழுதியது:

எட்டு முடிச்சின் வரிசையோடு ஒரு பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிலே லூப்பையும் டை‑இன் பாயின்ட்டையும் வீட்டிலேயே வெளிச்சத்தில் பாருங்கள். 2006 அக்டோபரில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் லீனிங் டவர் பாறையில் டாட் ஸ்கின்னர் ராப்பல் இறங்கும்போது இறந்தார். ஹார்னஸின் தேய்ந்துபோன பிலே லூப் அறுந்தது. அவர் உலகறிந்த ஏறுநர். முகாம்களில் வாடகைக்குத் தரும் ஹார்னஸில் நூல் பிசிறு, வெளுப்பு, கண்ணாடிபோல் இறுகிய பகுதி தெரிந்தால் வேறு கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெண்பாறை எழுதியது:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். பழைய காணொளிகளில் ப்ரூசிக்கை (அதே மாதிரி கவ்வும் இன்னொரு முடிச்சு) டிவைஸுக்கு மேலே போடுகிறார்கள். நம்ம முகாம்களில் டிவைஸாகப் பெரும்பாலும் 8 வடிவ உலோகமான ஃபிகர் எய்ட்தான் தருகிறார்கள். இரண்டும் சரியா?

எட்டு முடிச்சு எழுதியது:

மேல போட்டா, முழு எடையும் அந்த ப்ரூசிக்மேலயே விழும். இறுகிட்டா எடையை எடுக்காம அவிழ்க்க முடியாது, அதுவும் கைக்கு எட்டாத தூரத்துல இறுகினா அந்தரத்துல மாட்டினீங்க. பயத்துல கை அதையே கெட்டியாப் பிடிச்சுக்கற பழக்கமும் உண்டு, அப்போ அது கவ்வாது. கீழ போட்டா டிவைஸ் பெரும்பகுதி எடையைத் தாங்கும், ஆட்டோபிளாக்குக்கு பிரேக் கையோட வேலை மட்டும்தான். எடை இருக்கும்போதே விரலால தள்ளி விடுவிக்கலாம். கார்ல் ப்ரூசிக் 1931ல வெளியிட்ட மூல முடிச்சு கெட்டியாக் கடிக்கும், ஏறுறதுக்கு நல்லது. இறங்கறதுக்கு ஆட்டோபிளாக்தான் சுலபம்.

டிவைஸை ஸ்லிங்கால தள்ளி வைக்கறதும் இதுக்காகத்தான். கால் லூப்புல ஆட்டோபிளாக் போட்டு டிவைஸை நேரா பிலே லூப்புல மாட்டினா, உடம்பு சாயும்போது முடிச்சு டிவைஸ்ல போய் முட்டும். டிவைஸ் அதைத் தள்ளித் தள்ளி விட்டுடும், கவ்வாது. தலைகீழா ஆகிற நேரத்துலதான் இது நடக்கும், அதாவது ரொம்பத் தேவைப்படற நேரத்துல.

ஓசூர்ப் பல்லி எழுதியது:

ஃபிகர் எய்ட்டை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். தடியான 11 மி.மீ. ஸ்டாடிக் (அதிகம் நீளாத) கயித்துல, புது ஆள் லேசான எடையா இருந்தா ஏடிசி நகரவே நகராது, எய்ட் வெண்ணெய் மாதிரி போகும். சூடும் சீக்கிரம் பரவிடும். ரெண்டு குறை உண்டு. கயித்தை முறுக்கும், பத்துப் பேர் இறங்கினா கீழ கயிறு ஜிலேபி மாதிரி சுத்திக்கும். விளிம்புல உரசும்போது பின்கயிறு மேல ஏறி எய்ட்டோட கழுத்துல சுருக்கு விழுந்தா அங்கேயே பூட்டிக்கும். விளிம்பு தாண்டறப்ப எய்ட்டைப் பாறைமேல படிய விடாம தூக்கிப் பிடிச்சா இது வராது.

கருங்கல் எழுதியது:

வேகமாக இறங்கினால் எந்த டிவைஸும் சுடும். டைனீமா சுமார் 145 பாகையிலேயே உருகும், நைலான் 220க்கு மேல். கீழே வந்ததும் சூடான டிவைஸை ஸ்லிங்மேல் போட்டு வைக்காதீர்கள். தோல் கையுறை போடலாம், ஆனால் விரல் நுனியில் தொளதொளப்பு இருந்தால் அதுவே டிவைஸுக்குள் நுழையும்.

முதல் தடவைக்கு ஆட்டோபிளாக்கோடு நின்றுவிட வேண்டாம். பயிற்றுநர் மேலிருந்து தனிக் கயிற்றில், தனி ஆங்கரில் பிலே தரட்டும். கீழிருந்து கயிற்றை இழுத்து நிறுத்தும் ஃபயர்மேன் பிலேயும் வேலை செய்யும், ஆனால் அது இறங்குபவரின் டிவைஸ் சரியாக மாட்டப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. மேல் பிலே அந்தத் தவறையும் பிடிக்கும்.

ஆங்கரில் இரண்டு போல்ட்டுக்கு நடுவே ஸ்லிங் கோணத்தைப் பாருங்கள். 60 பாகையில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எடையில் 58 சதவீதம், 90இல் 71, 120இல் முழு 100. விரிந்த கோணம் இருந்தால் நீளமான ஸ்லிங் கேளுங்கள்.

இடுக்கி எழுதியது:

விளிம்பைத் தாண்டுவதைப் பற்றி எழுதுங்கள் யாராவது. அங்கேதான் முட்டியும் முகமும் அடிபடுகிறது.

எட்டு முடிச்சு எழுதியது:

ஆங்கர் இடுப்புக்கு மேல இருந்தா விளிம்பு சுலபம். நம்ம கருங்கல் மொட்டைகள்ல போல்ட் பெரும்பாலும் கால் மட்டத்துல தரையிலதான் இருக்கும், அப்போ கயிறு உங்களை மேல தாங்கிப் பிடிக்காது. விளிம்புக்கு முதுகைக் காட்டி நின்னு, கயிறு விறைக்கற வரைக்கும் பின்னால உட்காருங்க. பாதம் விளிம்புலயே இருக்கட்டும். இடுப்பை மட்டும் இறக்குங்க, உடம்பு கிட்டத்தட்ட நாற்காலியில உட்கார்ந்த நிலைக்கு வரட்டும். அதுக்கப்புறம்தான் முதல் அடி. புது ஆள் செய்யறது நேர்மாறு: இடுப்பு நிமிர்ந்தபடியே பாதத்தைக் கீழ இறக்குவார். பாதம் வழுக்கும், முட்டி பாறையில, அடுத்து நெஞ்சு. முட்டினா கையை விடாதீங்க, பிரேக் கை தொடைக்குப் பக்கத்துலயே இருக்கட்டும். மேல்கை சும்மா வழிகாட்டிதான், அதுல பலத்தைக் காட்டினா பத்து மீட்டர்ல களைச்சுடும்.

விளிம்பு உடம்பைத் தாண்டினதும் கால் தோள் அகலம், பாதம் தட்டையா, பிரேக் பக்கத் தோளுக்கு மேல கீழ பாருங்க. நடந்து இறங்குங்க. சினிமா மாதிரி குதிச்சா ஒவ்வொரு குதிப்புக்கும் ஆங்கர்ல சுமை கூடும், கயிறு விளிம்புல ரம்பம் மாதிரி அறுக்கும். விளிம்புக்கு அடியில பழைய ஜீன்ஸோ சாக்கோ வச்சுக் கட்டுங்க.

கீழ்க்கயிறு எழுதியது:

கயிற்று முனை. இதை யாரும் சொல்லாமல் விட்டால் நான் விடமாட்டேன். இரண்டு இழையின் முனையிலும் தனித்தனியாக பேரல் முடிச்சு, கயிறு டிவைஸிலிருந்து உருவிப்போகாமல் தடுக்க; வால் ஒரு அடிக்கு மேல். இரண்டையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டால் கயிறு முறுக்கிக்கொள்ளும். 2019 நவம்பரில் மெக்சிகோவின் எல் போட்ரேரோ சிகோவில் ஏறுநர் பிராட் கோப்ரைட் ராப்பலில் இறந்தார். இருவர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு இழையில் இறங்கினார்கள், கயிற்றின் நடு சரியாக இல்லை, முனையில் முடிச்சு இல்லை. 60 மீட்டர் கயிறு மடித்தால் 30. உங்கள் 15 மீட்டருக்கு ஏராளம், ஆனால் நடுக்குறியைக் கண்ணால் பார்த்து ஆங்கரில் வையுங்கள்.

கயிற்றைச் சிம்னிக்குள் வீசாதீர்கள். இடுக்கில், சிக்கிய கல்லுக்குப் பின்னால் போய் மாட்டும். அதனால்தான் உங்கள் பயிற்றுநர் பக்கத்துச் சுவரைச் சொல்லியிருக்கிறார். வீசும் முன் “கயிறு!” என்று கத்தி, கீழே பதில் வந்த பிறகு வீசுங்கள்.

இறங்கியதும் இழுக்கும் முன் இரண்டு முடிச்சையும் அவிழ்த்தீர்களா என்று பாருங்கள். முடிச்சோடு மேலே போனால் அது ஆங்கர் வளையத்தில் சிக்கும். கயிறு வராமல் நின்றுவிட்டால் அதைப் பிடித்து ஏறிப் பார்க்க வேண்டாம், மறுமுனை எதில் தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இடுக்கி எழுதியது:

நடுவழியில் தலைமுடி, சட்டை நுனி, ஹெல்மெட் வார் டிவைஸுக்குள் போனால்? ஆட்டோபிளாக் கவ்வட்டும். டிவைஸுக்கு மேலே இன்னொரு ப்ரூசிக் சுற்றி, அதில் ஸ்லிங் மாட்டிக் கால் வைத்து எழுந்து நில்லுங்கள். டிவைஸிலிருந்து எடை விலகியதும் முடியை உருவலாம். அதனால் கூடுதலாக ஒரு கார்டும் ஒரு ஸ்லிங்கும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கத்தியை எடுக்காதீர்கள். விறைத்த கயிறு கத்தி லேசாகத் தொட்டாலே போய்விடும். முடியைக் கொண்டை போட்டு ஹெல்மெட்டுக்குள் செருகிவிட்டால் இவ்வளவும் தேவையில்லை.

மட்டுறுத்துநர் எழுதியது:

இரண்டு உள்ளூர் விஷயங்கள். ராமநகரத்தின் ராமதேவர பெட்டா குன்று 2012இலிருந்து பாறுக் கழுகுச் சரணாலயம். பாறுகள் பாறைத் திண்டுகளில்தான் கூடு வைக்கும். எந்தப் பாறையில் ஏறலாம் என்பதை வனத்துறையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு போகவும்.

இரண்டாவது, மலைத்தேனீ. நம் பக்கத்துக் கருங்கல்லில் கல் உருளுவதைவிட இதற்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். முந்தின நாளே பைனாகுலரில் தொங்கல் பாறைகளின் அடிப்பகுதியைப் பாருங்கள். அரை வட்டமாகக் கறுப்பாய் அடை தெரிந்தால் அந்தப் பக்கத்தையே விடுங்கள். வாசனைத் தைலம், புகை, கூச்சல் கூடாது. கயிற்றில் இருக்கும்போது கலைந்தால் கையால் விரட்டாதீர்கள், இறங்குவதை நிறுத்தவும் வேண்டாம். டாப்‑ரோப்பில் இருப்பவரை உடனே இறக்குங்கள். கொட்டினால் ஒவ்வாமை உண்டு என்பவர் பயிற்றுநரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வெண்பாறை எழுதியது:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பயிற்றுநரிடம் கேட்டதில் ராப்பலுக்கு ஒற்றை இழை 11 மி.மீ. ஸ்டாடிக், மேலிருந்து தனி பிலே. என்னிடம் இருப்பது 6 மி.மீ. கார்டு. எத்தனை சுற்று?

எட்டு முடிச்சு எழுதியது:

நாலு சுற்றிலேருந்து ஆரம்பிங்க. கயிறு புதுசா வழவழன்னு இருந்தா அஞ்சு. ரெண்டு இழைன்னா மூணு போதும். எடை போட்டுக் கையை விட்டதும் ஒரு சாண் வழுக்கிட்டுக் கவ்வினா ஒரு சுற்று கூட்டுங்க. கவ்வினதைத் தள்ள ரெண்டு கையும் தேவைப்பட்டா ஒண்ணு குறைங்க. சோதனையை ஆங்கர்ல, லேன்யார்டு மாட்டினபடியே செய்யுங்க.